எட்டு ‘பி’யின் இடது கைகள்

1. முதல் கவனிப்பு

ஆகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பீரியட். எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். மடியில் அப்சர்வேஷன் ஃபார்ம், கையில் சிவப்புப் பேனா.

போத்தனூர் பக்கம் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் கணக்கு நடத்தியவள் நான். கடைசி ஒன்பது வருஷம் கூடுதலாக ஒரு பொறுப்பும் கொடுத்திருந்தார்கள். பி.எட். முடித்த கையோடு வந்து சேரும் ஆசிரியர்களுக்கு நான் மென்டர். முதல் வருஷம் முழுக்க அவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து முறை வகுப்பில் உட்கார்ந்து, குரல், கரும்பலகை, கேள்வி கேட்கும் முறை, வகுப்புக் கட்டுப்பாடு என்று இருபது தலைப்புகளில், ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இவ்வளவு என மார்க் போட்டுக் கையெழுத்திட வேண்டும். வருஷக் கடைசியில் அந்த ஐந்து ஃபார்ம்களைப் பார்த்துத்தான் தாளாளர் வேலையை நிரந்தரம் செய்வார். நான் ‘நன்று’ என்று எழுதினால் நன்று. பள்ளியில் பாதிப் பேருக்கு என்னைக் கண்டால் பயம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்று நடத்தியவள் சிந்துஜா. ஜூனில் சேர்ந்தவள். பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு ஊர். அப்பா லாரி ஓட்டுகிறவர். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான். வகுப்புக்குள் நுழைவதற்கு முன் வராந்தாவில் என்னை நிறுத்திச் சொன்னாள்.

“மேடம், எனக்குச் சரியா வராத பாடமாப் பாத்து இன்னைக்கு எடுத்திருக்கேனுங்க. எங்கெங்க தடுமார்றேன்னு பாத்துச் சொல்லிப்போடுங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்பது வருஷத்தில் ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை. ஃபார்ம் எழுத வருகிறவளிடம் போய் வராத பாடத்தை யாராவது நடத்திக் காட்டுவார்களா? விவரம் தெரியாத பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

சொன்னபடியே தடுமாறினாள். மைனஸ் எண்களைப் பெருக்கும் பாடம். குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டவில்லை. நான் இருக்கும்போதே பின்னால் இருந்த பையன்கள் ரப்பர் துண்டு எறிந்து விளையாடினார்கள். அப்போது ஜன்னலோரம் இருந்த கோகுல் என்கிற பையன் எழுந்தான்.

“மிஸ், மைனஸ்னா கம்மிதானுங்க? கம்மியையும் கம்மியையும் பெருக்குனா எப்படிங்க மிஸ் ஜாஸ்தியாகும்?”

சிந்துஜா கரும்பலகையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். “நல்ல கேள்விடா கோகுல். எனக்கே சரியாத் தெரியல. படிச்சுட்டு வந்து நாளைக்குச் சொல்றேன்.”

வகுப்பு ‘ஓ’வென்று கத்தியது. யாரோ ஒருவன் விசில் அடித்தான். அந்தச் சத்தத்திலும் அவள் கோகுலுக்குத் தலையாட்டி, தன் நோட்டில் அவன் கேள்வியைக் குறித்துக்கொண்டாள். இதெல்லாம் எனக்கு இன்றைக்குத்தான் பெரிதாகத் தெரிகிறது. அன்றைக்கு வந்தது எரிச்சல் மட்டும்தான்.

2. நான் சொல்லிக்கொடுத்தது

மதியம் ஸ்டாஃப் ரூமில் அவளை உட்காரவைத்து, எழுதின ஃபார்மை அவள் கண்ணெதிரே கிழித்துப் போட்டேன். அதை நான் செய்த உபகாரம் என்றுதான் நினைத்தேன். குரலுக்கு ஐந்துக்கு ஒன்று, கட்டுப்பாட்டுக்கு ஒன்று என்று போயிருந்தால் வேலை என்னாவது?

“இங்க பாரு கண்ணு. எனக்குத் தெரியாதுன்னு கிளாஸ்ல சொல்லலாமா? அப்புறம் ஒருத்தன் மதிப்பானா? அந்தக் கேள்விய விட்டுப்போடு. அடுத்த வாரம் வேறொரு பாடம் எடு. ஈசியானதா எடு. நான் வர்றதுக்கு முன்னாடி ரெண்டு வாட்டி அதையே நடத்திரு.”

“அதையேவாங்க மேடம்?”

“அதேதான். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.”

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. எங்கள் பள்ளியில் வழிவழியாக வந்த ஒரு வித்தையையும் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு யார் சொல்லித் தந்தார்கள் என்பது நினைவில்லை. வெளியாள் யாராவது வகுப்பில் உட்கார்ந்திருந்தால், கேள்வி கேட்டவுடன் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. ஆசிரியர் வலது கைக்காரனை மட்டும் எழுப்புவார். பார்க்கிறவருக்கு வகுப்பே பதில் சொல்லத் துடிப்பது போல இருக்கும். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரிகள் இதைப் பார்த்து எத்தனையோ முறை மெச்சிப் போயிருக்கிறார்கள்.

சிந்துஜா கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

“அப்படின்னா நீங்க உள்ள வந்து என்னத்தைங்க மேடம் பாப்பீங்க?”

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். அடுத்த மேஜையில் இருந்த தமிழ் மிஸ்ஸிடம் சொன்னேன், அவரும் சேர்ந்து சிரித்தார். சிந்துஜாவும் என்ன செய்வதென்று தெரியாமல் லேசாகச் சிரித்தாள்.

3. ஐந்துக்கு ஐந்து

பிறகு அவள் தப்பே செய்யவில்லை. அடுத்த வாரம் போனேன். கேள்வி கேட்டாள், நாற்பது கைகள் எழுந்தன. எழுப்பின பிள்ளை கணீரென்று பதில் சொன்னது. அக்டோபரிலும் அப்படித்தான். டிசம்பரிலும் அப்படித்தான். மூன்று ஃபார்மிலும் வகுப்புக் கட்டுப்பாடு என்கிற கட்டத்தில் ஐந்துக்கு ஐந்து போட்டேன். கீழே ‘மிக நன்று’ என்று எழுதி, கலாவதி என்று முழுசாகக் கையெழுத்துப் போட்டேன்.

எட்டு ‘பி’ எப்படி இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மற்ற நாட்களில் அந்த வகுப்பின் இரைச்சல் மாடிப்படி வரைக்கும் கேட்கும். அந்தப் பெண் தொண்டை கட்டிப்போய், ஸ்டாஃப் ரூமில் வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டு இதுதான் குறை, இப்படிச் செய் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஒருத்தர் குறையை முகத்துக்கு நேரே சொல்லிவிடமாட்டோம். வீட்டுக்கு வந்து குடித்த காபி நன்றாக இல்லாவிட்டாலும் “அருமையா இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டு வருகிற சனம் நாங்கள். அந்த மரியாதையை நான் ஃபார்மிலும் காட்டினேன். குறை எழுதி ஒரு பிள்ளையின் பிழைப்பைக் கெடுக்கக் கூடாது என்பதை ஒரு கொள்கை மாதிரி வைத்திருந்தேன்.

டிசம்பரில் மூன்றாவது ஃபார்மைக் கொடுத்த அன்று சாயங்காலம், பிள்ளைகள் வேன் ஏறிப் போன பிறகு, என் மேஜைக்கு வந்து நின்றாள்.

“மேடம், ஒரு நாளைக்குச் சொல்லாமக் கொள்ளாம வாங்களேன். முன்னாடியே நடத்தாத பாடத்துக்கு வாங்க. எனக்கு முடியலீங்க மேடம். காலைல பஸ் ஏறும்போதே திரும்பி வீட்டுக்குப் போயிரலாமான்னு இருக்குதுங்க.”

ஆண்டு விழா வேலை தலைக்கு மேல் கிடந்தது. நான் நாற்காலிக் கணக்குப் பட்டியலில் இருந்து தலையைத் தூக்காமல் சொன்னேன்.

“எல்லாம் நல்லாத்தானே போயிட்டிருக்கு அம்மணி? ஃபைவ் அவுட் ஆஃப் ஃபைவ் போட்டிருக்கேன். இன்னும் என்ன வேணும்? ஃபர்ஸ்ட் இயர்ல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். சரியாப் போயிரும்.”

“சரிங்க மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனாள். சரிங்க என்று சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

4. டஸ்டர்

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த முதல் வாரம். பியூன் ஓடி வந்து, “மேடம், எட்டு பி-ல ரத்தமுங்க” என்றார்.

போய்ப் பார்த்தபோது கோகுல் தரையில் உட்கார்ந்து புருவத்தை அழுத்திப் பிடித்திருந்தான். சட்டையெல்லாம் ரத்தம். மரக்கட்டை வைத்த டஸ்டர் பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. பின் வரிசைப் பையன்கள் மேஜையைத் தட்டிப் பாட்டுப் பாடியிருக்கிறார்கள். மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு, சிந்துஜா டஸ்டரைப் பின்னால் வீசியிருக்கிறாள். அது ஒன்றுமே செய்யாமல் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கோகுல் மேல் பட்டுவிட்டது.

அவள் அவன் பக்கத்தில் முட்டிபோட்டு, துப்பட்டாவால் காயத்தை அழுத்திக்கொண்டிருந்தாள். வகுப்பில் அன்றைக்குத்தான் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அவனுக்கு நான்கு தையல் போட்டார்கள். கண் தப்பியது.

அவள் செய்தது தப்புதான். பிள்ளை மேல் கை ஓங்கினாலே தப்பு, இது அதைவிடப் பெரிய தப்பு. அதில் எனக்கு இரண்டு எண்ணம் கிடையாது. ஆனால் அந்த டஸ்டர் ஆகஸ்டிலேயே கிளம்பிவிட்டது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

5. தாளாளர் அறை

மறுநாள் விசாரணை. தாளாளர், பிரின்சிபால், கோகுலின் அப்பா, சிந்துஜா, மென்டர் என்ற முறையில் நான். கோகுலின் அப்பா சண்டை போடவில்லை. லேத் பட்டறையில் வேலை செய்கிறவர், லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

“என்ற பையன் ஒண்ணும் செய்யலீங்களே. அதத்தானுங்க கேக்கறேன்” என்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அதைக் கேட்க முடியவில்லை. சிந்துஜா எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். அவர் பதறிப்போய் “அய்யோ, உக்காருங்க மிஸ்” என்றார்.

அவரை அனுப்பிவிட்டுத் தாளாளர் ஃபைலைத் திறந்தார். அவரும் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை.

“ஏனுங்க கலா மேடம், வகுப்புக் கட்டுப்பாடு அஞ்சுக்கு அஞ்சுன்னு மூணு வாட்டி நீங்கதானுங்களே போட்டிருக்கீங்க?”

“ஆமாங்க ஐயா.”

“கிளாஸ் கன்ட்ரோல் இத்தன நல்லா இருக்கற டீச்சரு எதுக்குங்க டஸ்டர வீசோணும்? கிளாஸ் கைய மீறிப் போயிருச்சுன்னா அது வேற. புதுசு, தடுமார்றாங்கன்னா நாமளும் ஒரு வருஷம் பொறுத்துப் போலாம். இத எப்படிங்க எடுத்துக்கறது? வேணும்னு அடிச்சதாத்தானுங்களே ஆகுது?”

என் ‘மிக நன்று’ அவள் கழுத்துக்கு வருகிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

தாளாளர் அவள் பக்கம் திரும்பினார். “ஏம்மணி, உனக்கு ஏதாச்சும் கஷ்டம் இருந்துதா? யாருகிட்டயாச்சும் சொன்னியா?”

சிந்துஜா என்னைப் பார்த்தாள். ஒரு இரண்டு விநாடி இருக்கும். நான் வாயைத் திறந்து, “சொன்னாளுங்க. என்கிட்டச் சொன்னா. இந்த மூணு ஃபார்மும் பொய்யுங்க” என்று சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் இந்த மூன்றும் பொய் என்றால் ஒன்பது வருஷ ஃபார்மும் பொய். ரிட்டயர் ஆக எனக்கு ஒன்றரை வருஷம்தான் இருந்தது. கலா மேடம் கையெழுத்துப் போட்டால் தாளாளர் படிக்காமலே அடியில் கையெழுத்துப் போடுவார் என்கிற பேரை அந்த அறையில் வைத்துக் கீழே போட எனக்கு மனசு வரவில்லை. நான் மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இல்லீங்க ஐயா. யாருகிட்டயும் சொல்லலீங்க” என்றாள் சிந்துஜா.

“உன்னைய நாங்க போகச் சொல்லல அம்மணி. நீயாவே எழுதிக் குடுத்துட்டா உனக்கும் மரியாதை, ஸ்கூலுக்கும் மரியாதை.”

அவள் அங்கேயே ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். பேனா எடுத்து வரவில்லை. என் சிவப்புப் பேனாவைத்தான் நீட்டினேன். தாளாளர், “சிவப்புல வேண்டாமுங்க” என்று சொல்லித் தன் பேனாவைக் கொடுத்தார்.

6. மூன்றாவது பீரியட்

வேறு ஆள் கிடைக்கும் வரை எட்டு ‘பி’யை நானே எடுத்துக்கொண்டேன். முதல் நாள் உள்ளே போனதும் எல்லாரும் விறைப்பாக உட்கார்ந்தார்கள். எங்கே விட்டார்கள் என்று பார்க்கலாமென்று கரும்பலகையில் (−2) × (−3) என்று எழுதி, “இது எவ்வளவு?” என்று கேட்டேன்.

சட்டென்று எல்லாக் கைகளும் எழுந்தன. ஒரு கை பாக்கியில்லை.

எண்ணினேன். வலது கை ஆறு. மீதி முப்பத்துநான்கும் இடது கை.

முதல் பெஞ்சில் இருந்த ஒரு பெண் பிள்ளை பெருமையாகச் சொன்னது. “கலா மிஸ் வந்தா இப்படித்தான் தூக்கோணும்னு எங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்க மிஸ்!”

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மூன்று தடவையும் இத்தனை கைகள் எனக்கு நேரே நின்றிருக்கின்றன. எந்தக் கை என்று நான் பார்க்கவே இல்லை. கை உயர்ந்திருக்கிறது என்று மார்க் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன்.

ஜன்னலோரம் கோகுல், புருவத்தில் பிளாஸ்திரியோடு, இடது கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தான். “இறக்குடா சாமி” என்றேன். இறக்கிவிட்டுச் சொன்னான்.

“சிந்துஜா மிஸ் இத நாளைக்குச் சொல்றேன்னாங்க மிஸ். அப்புறம் சொல்லவே இல்ல.”

எழுந்து போய் எழுதினேன். மூன்றை மைனஸ் இரண்டால் பெருக்கினால் மைனஸ் ஆறு. இரண்டைப் பெருக்கினால் மைனஸ் நான்கு. ஒன்றைப் பெருக்கினால் மைனஸ் இரண்டு. பூஜ்யத்துக்குப் பூஜ்யம். ஒவ்வொரு படி இறங்கும்போதும் விடை இரண்டு இரண்டாக ஏறுகிறது. “இன்னும் ஒரு படி இறங்கி மைனஸ் ஒண்ணுக்கு வந்தா?” என்றேன். “ப்ளஸ் ரெண்டு மிஸ்!” என்று கத்தினார்கள். கோகுல், “இவ்வளவுதானுங்களா மிஸ்?” என்றான்.

இவ்வளவுதான். ஐந்து நிமிடம். ஆகஸ்ட் மாதம் ஃபார்மைக் கிழித்த நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு இதைச் சொல்லியிருக்கலாம். குரலை அடித்தொண்டையில் இருந்து எடுப்பது, வகுப்பின் நடுவில் போய் நிற்பது, சத்தம் போடுகிறவன் பக்கத்தில் போய்ப் பேசாமல் நிற்பது, இதெல்லாம் முப்பது வருஷத்தில் நான் கற்றவை. ஒரு வாரம் அவளோடு உட்கார்ந்திருந்தால் சொல்லிவிடலாம். எனக்குத் தெரிந்ததில் இந்தக் கை வித்தையை மட்டும்தான் அவளுக்குக் கொடுத்தேன். பாவி நான்.

அன்று இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று ஃபார்மும் ஒத்திகை பார்த்த வகுப்புக்கு எழுதியவை, அவள் என்னிடம் உதவி கேட்டாள், நான் செய்யவில்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதித் தாளாளரிடம் கொடுத்தேன். அவர் கடைசி வரை படித்தார். மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

“இத இப்ப வாங்கி ஃபைல்ல வெச்சா, அந்தப் புள்ளையத் தப்பா அனுப்பிச்சுப்போட்டோம்னு ஆயிருமுங்க மேடம். உங்க பேரும் கெட்டுப்போகும். விடுங்க.”

விட்டுவிட்டேன். என் ரிட்டயர்மென்ட் விழாவில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். புது ஆசிரியர்களுக்குத் தாயாக இருந்தவர் என்று பேசினார்கள்.

7. பெருந்துறை

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் பெருந்துறை போயிருந்தேன். அங்கே தொழிற்பேட்டையில் ஒரு துணிக் கம்பெனியில் அவள் வேலை செய்வதாகக் கேள்விப்பட்டு, கல்யாண வீட்டில் இருந்து ஆட்டோ பிடித்து, ஷிஃப்ட் விடும் நேரத்துக்குக் கேட்டில் போய் நின்றேன். கைப்பையில் அந்தக் கடிதம் இருந்தது.

கழுத்தில் ஐடி கார்டோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பிறகு வேகமாக வந்து, “வாங்க மேடம், எப்ப வந்தீங்க? சாப்பிட்டீங்களா?” என்றாள். அந்த மரியாதை என்னைக் குத்தியது. திட்டியிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பேன்.

கேட்டுக்கு எதிரே இருந்த பேக்கரியில் உட்கார்ந்தோம். மூன்று பள்ளிகளுக்கு இன்டர்வியூ போனாளாம். ஜூன் முதல் ஜனவரி வரை எங்கே இருந்தீர்கள் என்று கேட்டு, எங்கள் பள்ளிக்குப் போன் போட்டிருக்கிறார்கள். மூன்றிலும் அதோடு முடிந்தது. இப்போது துணியில் தையல் பிசகு இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் செக்ஷனில் இருக்கிறாள்.

கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள்.

“எல்லாம் சரியாத்தானுங்க எழுதியிருக்கீங்க” என்றாள். பிறகு, “இத வெச்சு இப்ப நான் என்னங்க மேடம் பண்றது?” என்று கேட்டாள். அன்று ஸ்டாஃப் ரூமில் கேட்டது போலவே, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். மன்னிச்சுக்கோ கண்ணு என்று மட்டும் சொன்னேன். அழுதுவிட்டேன். பேக்கரிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவள் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். “கோகுலுக்குத் தழும்பு இருக்குதுங்களா?”

“லேசா இருக்குது. புருவ முடில மறைஞ்சுபோச்சு.”

“அந்த மைனஸ் கேள்விக்கு யாராச்சும் பதில் சொன்னாங்களா?”

“நான் சொன்னேன்.”

“எனக்கு அடுத்த நாளே தெரிஞ்சுபோச்சுங்க மேடம். ராத்திரி உக்காந்து எழுதிப் பாத்து நானே கண்டுபிடிச்சேன். நீங்க அந்தக் கேள்விய விட்டுப்போடுன்னு சொன்னீங்களா, விட்டுட்டேனுங்க.”

கடிதத்தை மடித்து என் கைப்பையில் வைத்துவிட்டாள். கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. எழுந்தாள்.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கும், அவர்கள் வகுப்பில் போய் உட்காரப்போகிற என்னைப் போன்ற மூத்தவர்களுக்கும் நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பிள்ளைகளே, வராத பாடத்தை நடத்திக் காட்டுங்கள். வேண்டாம் என்று சொல்கிற மென்டர் கிடைத்தால் வேறு ஆளைத் தேடுங்கள். மூத்தவர்களே, உங்களிடம் ஒரு பிள்ளை எனக்கு முடியவில்லை என்று சொன்னால், கையில் இருக்கும் பட்டியலைக் கீழே வைத்துவிட்டு அவள் வகுப்புக்குப் போங்கள். நான் போகவில்லை.

பஸ் படியில் கால் வைத்தவளிடம் ஆற்றாமையில் கேட்டேன். “நல்லா இருக்கியா கண்ணு?”

“நல்லா இருக்கேனுங்க மேடம்” என்றாள். சிரித்துக்கொண்டே கையை உயர்த்திக் காட்டினாள். எந்தக் கை என்று இந்த முறை பார்த்தேன். இடது கை.